திருக்குடும்ப விழாவின் வரலாறும் இல்லத் திருஅவைச் சிந்தனையின் வளர்ச்சியும்

முன்னுரை

கத்தோலிக்க வழிபாட்டு ஆண்டில் கிறிஸ்து பிறப்புக் காலம் டிசம்பர் 25-உடன் முடிவதில்லை. ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. அந்நாள்களில் கொண்டாடப்படும் திருக்குடும்ப விழா, திருஅவையின் தொன்மையான விழாக்களுள் ஒன்றன்று. கனடாவின் குடியேற்றப் பகுதியில் தோன்றிய பக்தி முயற்சியாக வேர்விட்டு, உலகத் திருஅவைக்குப் பரவி, நாட்காட்டியில் இருமுறை இடம் மாறி, இன்றைய நாளை அடைந்தது. அந்த இடமாற்றங்களோடு, குடும்பத்தின் புனிதம் குறித்த திருஅவையின் புரிதலும் முதிர்ந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

கனடாவில் தோற்றம்

1663-இல் மொன்ரியல் நகரில் பார்ப் தெ புலோஞ் என்ற கைம்பெண்ணும், இயேசு சபைக் குரு பியர் ஷோமனோவும் திருக்குடும்பப் பக்திசபையைத் தொடங்கினர். இத்தாலியின் லொரேத்தோ திருத்தலத்தில் வணங்கப்படும் நாசரேத்து இல்லத்தின்மீது ஷோமனோ ஆழ்ந்த பக்தி கொண்டிருந்தார். கியூபெக்கின் முதல் ஆயரான பிரான்சுவா தெ லவால் இந்தப் பக்தியை ஆதரித்துத் தம் மறைமாவட்டம் முழுவதும் வளர்த்தார். குருக்கள் அரிதாக இருந்த புதிய குடியிருப்புகளில், குடும்பச் செபமும் பெற்றோர் தரும் மறைக்கல்வியுமே நம்பிக்கையைத் தாங்கின.

ஏறத்தாழ அதே காலத்தில், டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த யாழ்ப்பாணத்திலும் இதற்கு இணையான நிலை இருந்தது. 1658-க்குப் பின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டு, குருக்கள் வெளியேற்றப்பட்டனர். 1687-இல் மறைவாக அங்கு வந்த புனித ஜோசப் வாஸ், கழுத்தில் செபமாலை அணிந்து நடந்து, நம்பிக்கையை விடாத வீடுகளை அடையாளம் கண்டார். இல்லத்தைத் திருஅவை என்று ஏடுகள் வரையறுப்பதற்கு முன்பே தமிழ்க் குடும்பங்கள் அதை வாழ்ந்து காட்டிவிட்டன.

தொழில்யுகத்தில் பரவல்

19-ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலை உழைப்பு ஐரோப்பியக் குடும்பங்களைச் சிதறடித்தது. தொழிலாளர் உரிமைகள் பற்றி 1891-இல் சுற்றுமடல் எழுதிய திருத்தந்தை 13-ஆம் லியோ, மறு ஆண்டே திருக்குடும்பப் பக்திசபைகளை ஒரே அமைப்பாக ஒருங்கிணைத்தார். 1893-இல் திருக்காட்சிக்குப் பின்வரும் மூன்றாம் ஞாயிறன்று இவ்விழாவைக் கொண்டாட இசைவளித்தார். உழைக்கும் யோசேப்பின் வீடு உழைப்பாளர் வீடுகளுக்கு முன்மாதிரியாக வைக்கப்பட்டது. முதல் உலகப் போர் முடிந்தபின், 1921-இல் திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் விழாவை உலகத் திருஅவை முழுமைக்கும் விரிவுபடுத்தி, திருக்காட்சியை ஒட்டிய ஞாயிறுக்கு மாற்றினார்.

முன்மாதிரியிலிருந்து திருஅவைக்கு

இரண்டாம் வத்திக்கான் சங்கம் சிந்தனையை ஒரு படி உயர்த்தியது. 1962-இல் சங்க விவாதத்தில் பிராத்தோ ஆயர் பியெத்ரோ ஃபியோர்தெல்லி, குடும்பத்தைத் திருஅவையின் சிறு வடிவமாகக் காணவேண்டும் என வாதிட்டார். 4-ஆம் நூற்றாண்டிலேயே புனித யோவான் கிறிசோஸ்தோம் தம் மறையுரைகளில் வீட்டைத் திருஅவையாக்கும்படி அறிவுறுத்தியிருந்தார். 1964 நவம்பரில் வெளியான 'லூமன் ஜென்சியும்' ஏடு, குடும்பத்தை இல்லத் திருஅவை எனக் கூறி, பெற்றோரே பிள்ளைகளுக்கு நம்பிக்கையின் முதல் அறிவிப்பாளர்கள் என்றது. புனித வாழ்வுக்கான அழைப்பு அனைவருக்கும் உரியது என்று கற்பித்ததும் இதே ஏடுதான். ஆகவே குடும்பம் தொலைவிலுள்ள ஒரு முன்மாதிரியைப் பார்த்து நடப்பதோடு நிற்பதில்லை. தானே புனிதம் விளையும் இடமாகிறது.

1969-இன் நாட்காட்டிச் சீர்திருத்தம் விழாவைக் கிறிஸ்து பிறப்பு எண்கிழமைக்குள் வரும் ஞாயிறுக்குக் கொண்டுவந்தது. கிறிஸ்து பிறப்பே ஞாயிறன்று அமைந்தால் விழா டிசம்பர் 30-க்குச் செல்லும். கடவுள் மனிதரானார் என்ற மறையுண்மையும், அவர் ஒரு குடும்பத்தில் வளர்ந்தார் என்ற உண்மையும் இவ்வாறு ஒரே வாரத்தில் இணைந்தன. மூன்றாண்டுச் சுழற்சியில் வரும் நற்செய்தி வாசகங்களும் கவனத்துக்குரியவை: எகிப்துக்கு அகதிகளாக ஓடுதல், ஏழைகளின் காணிக்கையோடு கோவிலுக்கு வருதல், காணாமற்போன மகனைத் தேடுதல். துன்பமற்ற வீட்டைத் திருஅவை இங்கே முன்வைக்கவில்லை. துன்பத்திலும் இறைத்திட்டத்தைப் பற்றிக்கொண்ட வீட்டையே வைக்கிறது.

இச்சிந்தனையைத் திருத்தந்தை 2-ஆம் ஜான் பால் 1981-இல் 'ஃபமிலியாரிஸ் கொன்சோர்சியோ' மடலில் விரித்துரைத்தார். 2015-இல் புனித குழந்தை தெரேசாவின் பெற்றோரான லூயி, செலி மார்ட்டின் இணையர் ஒன்றாகப் புனிதர் பட்டம் பெற்றனர். இல்லற வாழ்வே புனிதப் பாதை என்பதற்கு இது திருஅவை அளித்த சான்று.

முடிவுரை

திருக்குடும்பப் பக்தி தழைத்த இடங்களெல்லாம் குடும்பம் நெருக்கடிக்குள்ளான இடங்களே. அலைபேசியும் வேலைநேரமும் வீட்டாரைப் பிரித்துவைக்கும் இக்காலமும் அத்தகையதே. எனவே குடிலைக் கலைப்பதோடு விழாவை முடித்துவிடாமல், இந்நாள்களில் தொடங்கும் மாலைச் செபத்தையும், ஒருசேர வாசிக்கும் நற்செய்தியையும், மன்னிப்புக் கேட்கும் பழக்கத்தையும் ஆண்டு முழுவதும் குடும்பங்கள் காத்துக்கொள்ளவேண்டும். பங்குகளும் மறைக்கல்வியைப் பிள்ளைகளோடு நிறுத்தாமல் பெற்றோருக்கும் அளிக்க முன்வரவேண்டும்.