தொட்டியில் ஒரு தேயிலைச் செடி

நம் சாலைக் கடைத்தெருவில் தேயிலை வாங்காத வீடு உண்டோ? திருவிதாங்கூர்த் திவான் இராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய இவ்வங்காடியிலே தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்தி வருகின்றனர். எனினும், பொட்டலத்தை அறிந்த நாம் செடியை அறிந்தோமில்லை.

தேயிலையைத் தாவர நூலார் கமேலியா இனத்தில் சேர்ப்பர். சீனரும் ஜப்பானியரும் பூவின் பொருட்டே வளர்த்த அழகுக் கமேலியா இதன் உடன்பிறப்பாகும். பிலிப்பைன் தீவுகளில் செடிகளை ஆராய்ந்த காமெல் என்பாரின் (1661–1706) நினைவாக லின்னேயஸ் அப்பெயரை இட்டார்.

நம் மலைகளில் முன்னர்ச் செழித்தது காப்பியே. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களைப் பாழாக்கவே, துரைமார் தேயிலையை நாடினர். 1877இல் மன்றோ என்பார் பூஞ்ஞாற்று அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1880இல் ஷார்ப் என்பார் அங்குத் தேயிலை நட்டார்.

நிற்க. காடு திருத்தியவர் யாவர்? கங்காணிகள் அழைத்துச் சென்ற நம்மவரே! துரைமார் பெயர்கள் ஏட்டில் உள. அவர்கள் பெயர்கள் இல. என் பாட்டியாரும் பீர்மேட்டில் கொழுந்து கிள்ளியவரே. அதனை வெளியிற் கூற எங்கள் வீட்டார் கூசினர், நானும் கூசினேன்.

சென்ற ஆண்டு பொன்முடிப் பக்கத்திலிருந்து மூன்று நாற்றுகள் கொணர்ந்து தொட்டியில் வைத்தேன். அன்பு மிகுதியால் நான் ஊற்றிய நீரிலேயே இரண்டு வேரழுகி மடிந்தன. தேயிலை மலைச்சரிவை விரும்பும் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. அதற்கு மழை வேண்டும், நீர் தேங்கலாகாது. புளிப்புத் தன்மையுள்ள நம் செம்மண் ஏற்றதே, சுண்ணாம்பு ஆகாது. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் நன்று. கத்தரித்தால் அழகிய வேலியாகும். வளரவிட்டால் சிறு மரமாகி, மஞ்சள் மகரந்தத் தாள்கள் நிறைந்த வெண்மலர் பூக்கும்.

எஞ்சிய செடி துளிர்த்த அன்று, ஈரிலையும் ஒரு மொட்டும் கிள்ளும் முறையை என் மக்களுக்குக் காட்டினேன். "யாரிடம் கற்றீர்கள், அப்பா?" என்றாள் மகள். பாட்டியின் கதையை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன்.

காலனி அன்பர்களே! அழகிற்காக ஒரு தேயிலைச் செடி வளர்ப்பீராக. மலைக்குச் சென்ற முன்னோர் உங்கள் குடும்பத்தில் இருப்பின், அவர்கள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் முதியோரிடம் கேட்டு இன்றே எழுதி வைப்பீராக.