மறை போதித்தவர்களின் மறைந்த செபம்



யூபிலி என்றதும் கோயில் எழும்பிய வரலாற்றையும், கொடுத்தவர்களையும், உழைத்தவர்களையும் நன்றியோடு நினைக்கிறோம். அது நம் கடமை. ஆனால் கோயில் கணக்கேட்டில் எழுதப்படாத வரவு ஒன்றும் உண்டு. நம் முன்னோருக்கு வேதம் சொல்லித் தந்தவர்கள் தனிமையில் முழந்தாளிட்டிருந்த நேரமே அது. அதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

தோல் தொழிலை அறிந்த நம் நாட்றம்பள்ளி வட்டாரத்தாருக்கு வேதாகமத்தில் வரும் ஒரு வீடு மிகவும் நெருக்கமானது. யோப்பா பட்டணத்துக் கடலோரத்தில், தோல் பதனிடும் சீமோன் என்பவர் வீட்டில் புனித இராயப்பர் தங்கியிருந்தார். ஒருநாள் நண்பகலில் மாடிக்குச் சென்று செபித்தார். பிற இனத்தாருக்கும் மீட்பின் வாசல் திறந்திருக்கிறது என்பதை இறைவன் அங்குதான் அவருக்குக் காட்டினார். மறுநாளே கொர்நேலியுவின் இல்லத்துக்குப் புறப்பட்டார். முதலில் செபம், பின்பு பயணம், அதன்பின் போதனை.

நம் தமிழகத்தில் இதை வாழ்ந்து காட்டியவர் புனித அருளானந்தர். லிஸ்பன் நகரில் 1647-இல் பிறந்து, அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். சிறு வயதில் கடும் நோய் கண்டபோது அவருடைய தாயார் புனித சவேரியாரை வேண்டிக்கொண்டார். மகன் பிழைத்ததும் நேர்ச்சையாக ஓராண்டு சேசு சபை அங்கியை உடுத்திவிட்டார். 1662-இல் அச்சபையில் சேர்ந்த அருளானந்தர், 1673-இல் இந்தியா வந்து, மதுரை மிஷனில் பண்டார சுவாமியாகக் காவி உடுத்தினார். புலால் நீக்கிய உணவும், தரைப் படுக்கையும், கால்நடைப் பயணமும் அவர் வாழ்வாயின.

மக்களைக் கவரப் பூண்ட வேடம் இது என்று யாரேனும் எண்ணலாம். நடந்ததைப் பாருங்கள். 1686-இல் மறவர் சீமையில் உபதேசியார்களோடு பிடிபட்டு, வதைக்கப்பட்டு, விடுதலையானார். பிறகு சபை அலுவலாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, லிஸ்பன் சேர்ந்தார். உடன் வளர்ந்த பெட்ரோ இப்போது மன்னர். ஆயினும் அருளானந்தர் அங்கும் பண்டார சுவாமியின் விரத உணவையே உண்டார். வேடமாயிருந்தால் கப்பலிலேயே கலைந்திருக்கும். தாய்நாட்டிலேயே இருத்திக்கொள்ள மன்னர் விரும்பியும், 1690-இல் நம்மிடம் திரும்பி வந்தார்.

தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்றதன் தொடர்பாக 1693 ஜனவரியில் மீண்டும் பிடிபட்டார். ஓரியூர்ச் சிறையில் கரியைக் கொண்டு எழுதிய மடலில் சாவை மகிழ்வோடு எதிர்நோக்குவதாகத் தெரிவித்தார். பிப்ரவரி 4-ஆம் நாள் கொலைக்களத்தில் முழந்தாளிட்டுச் செபித்த பின்னரே தலை கொடுத்தார். 1947-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

நம் வேலூர் மறைமாவட்டம் பிறந்தது 1952-இல். அதற்கு முன்னும் பின்னும் ஊர் ஊராக நடந்து, குழந்தைகளுக்கு மந்திரமும் ஞானோபதேசமும் சொல்லிக் கொடுத்த உபதேசியார்கள் எத்தனை பேர்! பகலில் பேசியது ஊருக்குத் தெரியும். இரவில் விளக்கடியில் அவர்கள் உருட்டிய செபமாலை ஆண்டவருக்கு மட்டுமே தெரியும்.

தோலைப் பதனிடுவோர் அதைச் சுண்ணாம்பில் ஊற வைத்து, மயிர் நீக்கி, சதை வழித்து, அந்நாளில் ஆவாரம்பட்டைச் சாற்றில் நாட்கணக்காகக் கிடத்துவார்கள். அவசரப்பட்டு எடுத்தால் மேலே நிறம் ஏறியிருக்கும். உள்ளே பச்சையாகவே இருக்கும். போதகனின் உள்ளமும் அப்படியே. மற்றவர்களுக்குப் போதித்த பின் தானே தள்ளுண்டு போவேனோ என்று புனித சின்னப்பரே அஞ்சினார் என்றால், நாம் எம்மாத்திரம்? வேலை மிகுதியைச் சாக்கிட்டுச் செபத்தைக் குறைத்துக்கொண்டு பீடத்தில் நின்ற நாட்கள் நமக்கும் உண்டு. மறையுரை நன்றாக இருந்ததென்று நீங்கள் பாராட்டிய சில நாட்களில், உள்ளே பச்சையாக இருந்ததை நாம் அறிவோம். வெட்கத்தோடு இதை எழுதுகிறோம்.

ஆகவே, அன்பார்ந்த மக்களே, இந்த யூபிலிக்குக் காணிக்கையாக ஒன்று கேட்கிறோம். உங்கள் மாலைச் செபத்தில், உங்களுக்குப் போதிப்பவர்களுக்காக ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். உங்கள் செபத்தால் எங்கள் உள்ளம் பதமாகட்டும். புனித அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!