4636-க்கு வந்த குறுஞ்செய்திகள்

2010 ஜனவரி 12 மாலை ஹைட்டியை 7.0 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் அரசு அலுவலகங்களோடு ஐ.நா. படையின் தலைமையகமும் இடிந்து விழுந்தது. சில நாள்களில், 4636 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று வானொலியில் அறிவித்தார்கள். செய்திகள் வந்து குவிந்தன, பெரும்பாலும் ஹைட்டியின் கிரியோல் மொழியில். மீட்புக்கு வந்த வெளிநாட்டவர் பலருக்கு அந்த மொழி தெரியாது.

செய்திகளை மொழிபெயர்த்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாடுகளில் குடியேறியிருந்த ஹைட்டியர்கள். மொழியைவிட முகவரிதான் பெரும்பாடு. தெருப் பெயர்கள் பல எந்த வரைபடத்திலும் இல்லை. அந்தப் பேட்டையில் வளர்ந்தவரால்தான் இடத்தைச் சுட்ட முடிந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தின் தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தெருக்களை வரைந்து கொடுத்தார்கள். தகவல்களை வரைபடத்தில் குறித்த உஷாஹிதி மென்பொருள், கென்யாவில் தேர்தலுக்குப் பிந்தைய கலவரத்தின்போது 2008-இல் உருவானது. 2004 சுனாமிக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா பேரிடர் மேலாண்மை மென்பொருளும் ஹைட்டிக்குப் போயிற்று.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சில நாள்களிலேயே கிரியோல் மொழிபெயர்ப்பு இயந்திரம் ஒன்றை வெளியிட்டார்கள். கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் முன்பே திரட்டி வைத்திருந்த மொழித்தரவு அதற்குக் கைகொடுத்தது. இருந்தாலும் அவசரத்தில் தட்டிய செய்தியின் எழுத்துப்பிழையும் சுருக்கமும் இயந்திரத்தைத் திணறடிக்கக் கூடியவை. 2011-இல் இயந்திர மொழிபெயர்ப்புப் பட்டறை ஒன்று இதே குறுஞ்செய்திகளைப் போட்டிக்கு வைத்தபோது, பிழையோடு ஒரு தொகுப்பு, திருத்தியது ஒரு தொகுப்பு என இரண்டாகப் பிரித்துத்தான் தந்தது.

அடுத்த கட்டம் தோஹாவில். கத்தார் கணினியியல் ஆய்வு நிறுவனம் 2013-இல் ஏ.ஐ.டி.ஆர். என்ற கருவியை உருவாக்கியது. தன்னார்வலர்கள் சில நூறு ட்வீட்டுகளைப் பார்த்து 'உதவி கோருவது', 'சேதத் தகவல்' என்று வகை குறித்தால், மீதியை இயந்திரமே பிரிக்கும். அதே ஆண்டு பாகிஸ்தானில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் ட்வீட்டுகளில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஓய்வு நேரத் தொண்டாக இருந்த வேலை மெல்லச் சம்பள உத்தியோகமானது. 2017-இல் ஐ.நா. மனிதநேயத் தரவு மையம் ஹேக் நகரில் திறக்கப்பட்டது.

இயந்திரக் கணிப்பு உதவித்தொகை வழங்குவதற்கும் வந்தது. 2020-இல் டோகோ அரசிடம் ஏழைகளின் முழுமையான பதிவேடு இல்லை. கொரோனா உதவித்தொகையை யாருக்கு அனுப்புவது என்பதைச் செயற்கைக்கோள் படமும் கைப்பேசிப் பயன்பாட்டுத் தரவும் வைத்து இயந்திரம் கணித்தது. வட்டாரவாரியாகக் கொடுப்பதைவிட இதில் விடுபட்ட ஏழைகள் குறைவு என்றும், முழுமையான பதிவேடு இருந்திருந்தால் இன்னும் குறைவான பேரே விடுபட்டிருப்பார்கள் என்றும் 2022-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது.