உப்புநீர்த் தொட்டியில் சுழற்சி எப்போது முடிகிறது?

புதிய உப்புநீர் மீன்தொட்டியை நான்கு முதல் ஆறு வாரம் மீனின்றி ஓடவிட வேண்டும் என்பது வளர்ப்போரிடையே எழுதாத சட்டம். ‘சைக்கிளிங்’ எனப்படும் இந்தக் காத்திருப்பு தேவையானதுதான். அது முடிந்ததா என்பதற்கு நாள்கணக்கைச் சாட்சியாக்குவதே பிழை.

மீன்கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்க, மற்றொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகின்றன. இவ்விருவகையும் தொட்டியில் பெருகுவதற்கே அந்தக் காத்திருப்பு. கடல்நீரில் முதற்படியே உயிர்நிலை. 25 டிகிரி செல்சியஸில், பி.எச். 7 உள்ள நன்னீரில், மொத்த அம்மோனியாவில் நச்சு மிகுந்த மின்னூட்டமற்ற வடிவம் ஒரு சதவீதத்தை எட்டுவதில்லை, பி.எச். 8.2 உள்ள கடல்நீரில் அது பல மடங்காகிறது. நைட்ரைட்டின் நிலை வேறு. கடல்நீரில் மிகுந்திருக்கும் குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைப் பெரிதும் தடுக்கிறது. ஆகவே நைட்ரைட் அச்சத்தின் பெரும்பகுதி நன்னீர் வளர்ப்பிலிருந்து இரவல் வாங்கியது. ஆனாலும் நைட்ரைட் அளவைப் பார்ப்பது வீணல்ல: இரண்டாம் படி நடக்கிறதா என்பதை அது காட்டும். தவிர, நைட்ரைட் மிகுந்த நீரில் நைட்ரேட் டெஸ்ட் கிட் காட்டும் எண்ணை நம்ப முடியாது.

இந்த வேலையைச் செய்வது யார்? வினோகிராட்ஸ்கி 1890 அளவில் நைட்ரஜனேற்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்ததிலிருந்து, பாடநூல்கள் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபேக்டர் என்ற இணையையே ஒப்பித்துவந்தன. 2005-இல் அமெரிக்காவின் சியாட்டில் மீன்காட்சியகத்து வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டியிலிருந்து நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் இவ்வுயிர் பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா. மிக நுண்ணிய செறிவிலும் அது அம்மோனியாவைப் பிடித்துவிடும் என்பது 2009-இல் அளந்து காட்டப்பட்டது. செறிவு மிக்க அம்மோனியா ஊற்றித் தொடக்கத்தில் நாம் வளர்க்கும் கூட்டமும், முதிர்ந்த தொட்டியின் மெலிந்த செறிவில் வாழும் கூட்டமும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்று இதிலிருந்து கருத இடமுண்டு. தொட்டி ‘முடிந்துவிட்டது’ என்ற சொல்லையே நான் சந்தேகிப்பது இதனால்தான்.

தொடக்கப் பொருளும் கணக்கை மாற்றும். உயிருள்ள பவளப்பாறை இட்ட தொட்டி நுண்ணுயிரோடே பிறக்கிறது. உலர்பாறை இட்டது வெறுமையில் தொடங்குகிறது. மன்னார் வளைகுடாவில் பவளம் பெயர்ப்பது வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம்மவருக்கு உலர்பாறையே முறையான வழி. பிறநாட்டு நூல்கள் உயிர்ப்பாறையை நம்பிச் சொல்லும் வாரக்கணக்கு இங்கே எப்படிப் பொருந்தும்?

எனவே அளக்க வேண்டியது தொட்டியின் திறன். அம்மோனியம் குளோரைடு கரைத்து அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்து, 24 மணி நேரத்தில் அது மறைகிறதா என்று பார்க்க வேண்டும். எதுவும் இடாத தொட்டியில் அம்மோனியா சுழியமாக இருப்பது எதையும் நிரூபிக்காது. அம்மோனியா இட்டுப் பார்க்கும் இந்தச் சோதனையும் அன்றைய சுமைக்கே சான்று. மீன்களை ஒன்றிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் நீரை மறுபடி சோதிக்க வேண்டும். மலிவானதென்று டாம்செல் மீனை முதலில் விட்டு, அது பிழைக்கிறதா எனப் பார்க்கும் பழைய வழக்கத்துக்கு இனி நியாயமில்லை.