உருகும்போது நிறம் மாறாத உலோகம்



வழக்கமாக இங்கே செய்யுளும் மொழியணியும் வாசிப்புப் பயிற்சியும்தான் இடம்பெறும். இம்முறை அலுமினியத் தகட்டைத் தீயால் பற்றவைக்கும் தொழிலின் வரலாற்றை எழுதுகிறேன். டீச்சருக்கு ஏன் இந்த வேலை என்று சிலர் சிரிக்கக்கூடும். காரணம், என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த ஒரு மாணவன்.

அவன் மூன்றாம் படிவத்தில் இருந்தபோது அவனுடைய தாயார் பங்சாரில் நான் குடியிருந்த அடுக்குமாடிக்கே வந்தார். "டீச்சர், இவன் வெல்டிங் படிக்கப் போறேன்னு நிக்கிறான். நீங்க சொன்னா கேப்பான்" என்றார். நானும் அவனை அழைத்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினேன். படிக்கின்ற பிள்ளை பட்டறைக்குப் போகலாமா என்று கேட்டேன். அவன் தலையை ஆட்டிவிட்டுத் தன் விருப்பப்படியே சென்றான். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு சென்ற ஆண்டு அவனை மீண்டும் சந்தித்தேன். பழைய மகிழுந்துகளைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் அலுமினியக் கூடுகளைச் செப்பனிடுகிறான். அவன் வேலை செய்வதை அரை மணி நேரம் நின்று பார்த்தேன். நான் அன்று எதை வேண்டாம் என்று சொன்னேன் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அதன் பிறகு தேடிப் படித்தவற்றையும் அவன் சொல்லித் தந்தவற்றையும் சேர்த்தே இதனை எழுதுகிறேன்.

அலுமினியம் ஒரு காலத்தில் அரசர்கள் மட்டுமே வாங்கக்கூடிய உலோகமாக இருந்தது. 1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் போல் எருவும் தனித்தனியே, ஒருவரை ஒருவர் அறியாமல், மின்சாரத்தால் அதனைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டனர். விலை சரிந்தது. அதே காலத்தில்தான் குதிரை வண்டிக்குப் பதிலாக இயந்திர வண்டி வந்தது. வண்டி மாறினாலும் அதற்குக் கூடு கட்டியவர்கள் மாறவில்லை. சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டிகள் செய்து பெயர் பெற்றது. அங்கேதான் 1903-இல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவி மகிழுந்து ஒன்றை உருவாக்கினார். உலகெங்கும் இதே கதைதான். மரச்சட்டம் இழைத்த தச்சனும் தகடு தட்டிய கொல்லனும் அப்படியே மகிழுந்துத் தொழிலுக்குள் நுழைந்தனர். மரச்சட்டத்தின்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தி ஆணி அடித்தார்கள். எடை குறைந்தது, துருவும் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு தகடுகளைத் தையல் தெரியாமல் ஒன்றாக்குவது எப்படி?

அதற்கு வேண்டிய தீ நம் தோட்டத்து மக்களுக்கு அந்நியமானதன்று. பால்மரம் வெட்டச் செல்வோர் விடியற்காலை இருட்டில் நெற்றியில் கட்டிச் சென்ற கார்பைட் விளக்கை நம் பாட்டிமார் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். கார்பைட் கல்லின்மேல் நீர் சொட்டச் சொட்ட எழும் வாயுதான் அசெட்டிலின். 1895-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷட்டலியே இவ்வாயுவை உயிர்வளியோடு கலந்து எரித்தால் வெப்பம் 3000 பாகையைத் தாண்டும் என்று கண்டார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அதனை அடக்கிப் பிடிக்கும் ஊதுகுழல் பிரான்சில் செய்யப்பட்டது. (இன்று கடைத்தொகுதிகளும் காப்பிக் கடைகளும் நிறைந்த பங்சாரும் இரப்பர்த் தோட்டமாகத்தான் இருந்தது. தோட்டத்தை நடத்திய புங்கே, கிரிசார் என்னும் இருவரின் பெயர்கள் சேர்ந்தே பங்சார் ஆயிற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அந்த மரங்களுக்கிடையிலும் இதே வாயு எரிந்திருக்கும்.)

தீ கிடைத்துவிட்டது. ஆனால் அலுமினியம் எளிதில் வசப்படவில்லை.

இரும்பு பேசும் உலோகம் என்கிறான் என் மாணவன். சூடேற ஏறக் கருஞ்சிவப்பு, செம்மஞ்சள், வெளிர்மஞ்சள் என நிறம் மாறி, உருகப் போகிறேன் என்று முன்னரே அறிவித்துவிடும். அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடுகிறது. அந்த வெப்பத்தில் அது வெளிச்சத்தில் எந்த நிறமும் காட்டாது. வெள்ளித் தகடு வெள்ளித் தகடாகவே இருக்கும். அடுத்த நொடியில் நடுவில் ஓட்டை விழும். இது போதாதென்று, காற்றுப் பட்டதுமே அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுப் படலம் ஒன்று படிந்துவிடுகிறது. அந்தப் படலம் உருக 2000 பாகைக்கும் மேல் வேண்டும். உள்ளே உலோகம் நீராக ஓட, வெளியே தோல் மட்டும் கிழியாமல் நிற்கும். இரண்டு தகடுகளின் விளிம்புகள் உருகியும் ஒன்றோடொன்று சேர மறுப்பது இதனால்தான்.

அந்தத் தோலைக் கரைப்பதற்காகக் குளோரைடும் புளோரைடும் கலந்த இளக்கிப் பொடியைக் குழைத்துத் தடவுகிறார்கள். பட்டறையில் இதன் பெயர் பிளக்ஸ். ஒரு தொல்லை தீர்ந்ததும் இன்னொன்று தொடங்குகிறது. பொடியில் உள்ள சோடியம் தீயில் பட்டதும் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் ஒளியாக எரியும். உருகும் இடமே தெரியாது. முன்பு கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடி அணிந்தார்கள். அந்த மஞ்சளை மட்டும் வடிகட்டும் சிறப்புக் கண்ணாடிகள் பின்னர் வந்தன. அவற்றின் வழியே பார்த்தால், உலோகம் உருகுவதற்குச் சற்று முன்பு பொடி கண்ணாடிபோல் தெளிந்து பரவுவது தெரியும். அலுமினியம் தருகின்ற ஒரே முன்னறிவிப்பு அதுதான். அதைக் காணக் கண்ணைப் பழக்குவதற்கே மாதக்கணக்கில் ஆயிற்று என்றான்.

கையையும் பழக்க வேண்டும். வெப்பம் இரும்பைவிட அலுமினியத்தில் பல மடங்கு விரைவாகப் பரவுவதால், தையலின் தொடக்கத்தில் மெதுவாக நகரும் கை முடிவை நெருங்க நெருங்க விரைய வேண்டும். தகடு முழுவதும் அதற்குள் சூடேறியிருக்கும். தொடக்கத்தில் சரியாக இருந்த அதே வேகம் கடைசி இரண்டு அங்குலத்தில் ஓட்டை போட்டுவிடும். நிரப்புக் கம்பிக்குப் பதிலாக அதே தகட்டிலிருந்து மெல்லிய பட்டையை வெட்டி உருக்கிச் சேர்ப்பதும் உண்டு. முடிந்ததும் வெந்நீரில் தேய்த்துக் கழுவியாக வேண்டும். எஞ்சிய பொடி சாயத்துக்கு அடியில் இருந்துகொண்டு தகட்டைத் தின்னும்.

எனக்கு மிகவும் பிடித்தது புகைக்கரி உத்தி. கடினமான தகட்டை வளைப்பதற்கு முன் மென்மையாக்க வேண்டும். உயிர்வளியைத் திறக்காமல் அசெட்டிலினை மட்டும் எரித்தால் கரும்புகை வரும். அதைத் தகட்டில் படியவிட்டு, பிறகு உயிர்வளி கலந்த தீயால் மெல்லச் சூடேற்றினால், கரி மறையும் கணத்தில் தகடு பதமாகியிருக்கும். வெப்பமானி வேண்டியதில்லை! சோறு பதம் பார்க்கும் தாய்மார்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கைத்திறன் உச்சத்தைத் தொட்டது இத்தாலியில். மிலான் நகரின் துரிங் நிறுவனம் 1930களின் நடுவில், மெல்லிய இரும்புக் குழாய்களால் எலும்புக்கூடு செய்து அதன்மேல் அலுமினியத் தோல் போர்த்தும் முறையைக் கொண்டுவந்தது. மொடேனாவில் செர்ஜியோ ஸ்காலியெத்தியின் பட்டறையில் மணல் மூட்டைமேல் தகட்டை வைத்துச் சுத்தியால் அடித்தே பெராரி மகிழுந்துகளுக்கு உருவம் கொடுத்தார்கள். 1962-இல் வெளிவந்த 250 ஜி.டி.ஓ. அப்படிப் பிறந்ததுதான். ஒன்றைப்போல் மற்றொன்று இருக்காது. இடப்பக்கமும் வலப்பக்கமும்கூடத் துல்லியமாக ஒத்திருக்காது என்பார்கள். இன்று அவற்றின் விலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

நம் நாட்டுக்கு அலுமினிய வண்டி வேறு வடிவில் வந்தது. போருக்குப் பின் பிரிட்டனில் இரும்புத் தகட்டுக்குப் பங்கீடு, அலுமினியமோ கிடைத்தது. எனவே ரோவர் நிறுவனம் 1948 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய லேண்ட் ரோவருக்கு மெக்னீசியம் கலந்த அலுமினியத் தகட்டையே பயன்படுத்தியது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. படையினரும் தோட்டத்துத் துரைமார்களும் அவ்வண்டிகளில்தான் செம்மண் பாதைகளில் ஓடினார்கள். நம் மழையிலும் புழுக்கத்திலும் கூடு துருப்பிடிக்கவில்லை. ஆயினும் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் வெண்பொடி பூத்து அரிக்கும். என் மாணவன் கைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலும் அந்த அரிப்பைத்தான் வெட்டி எறிந்து புதுத் தகடு வைக்கிறான்.

1940களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானத் தொழிற்சாலையில் மந்த வாயுவின் பாதுகாப்பில் மின்பொறியால் பற்றவைக்கும் முறை உருவானது. பிளக்ஸ் வேண்டாம், மஞ்சள் ஒளி இல்லை, கழுவும் வேலையும் இல்லை. பெரும்பாலான பட்டறைகள் அதற்கே மாறின. ஆனாலும் பழைய முறை முற்றிலும் அழியவில்லை. தீயால் பற்றவைத்த தையல் மென்மையாக இருப்பதால் அதன்மேல் சுத்தியால் தட்டலாம், உருளையில் விட்டு வழவழப்பாக்கலாம். முடிவில் தையல் எங்கே என்று விரலால் தடவினாலும் தெரியாது.

இதை எழுதும்போது செந்தூலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த செந்தூல் இரயில்வே பட்டறையில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். 1945-இல் குண்டுவீச்சில் சிதைந்த பட்டறையை மீண்டும் எழுப்பி ஓட்டினார்கள். இப்போது அந்த வேலை பத்து காஜாவுக்குப் போய்விட்டது. பிரிக்பீல்ட்சிலும் செந்தூலிலும் வாழ்ந்த அந்தக் கொல்லர்களும் தச்சர்களும் இணைப்பாளர்களும் தங்கள் உத்திகளை எங்கே எழுதி வைத்தார்கள்? மேடைப் பேச்சாளர்களின் வாழ்க்கை வரலாறுகள் நம் பள்ளி நூலகங்களில் இருக்கின்றன. ஓர் இரும்புப் பட்டறைத் தாத்தாவின் குறிப்பேடு ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. அப்படி ஏதேனும் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

என் மாணவனிடம் ஒரு வழக்கம். கெட்டுப்போன தகடுகளை அவன் வீசுவதில்லை. தேதி எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறான். முதல் வரிசை முழுவதும் ஓட்டைகள். அடுத்த வரிசையில் ஓட்டைகள் தகட்டின் முடிவுக்கு நகர்ந்துவிடுகின்றன. மூன்றாம் வரிசையில் தையல் கோணலாக, ஆனால் முழுமையாக இருக்கிறது. எழுத்துப் பழகும் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் பயிற்சி ஏட்டைப் புரட்டுவதுபோல் இருந்தது.

"அன்னைக்கு நீங்க ஒரு மணி நேரம் பேசினீங்களே டீச்சர், எனக்கு ஞாபகம் இருக்கு" என்றான் சிரித்துக்கொண்டே. நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் பதில் சொல்லாமல், ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ஒரு சனிக்கிழமை அழைத்து வரும்படி சொன்னான். எத்தனை பிள்ளைகள் என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமாம். அத்தனை கண்ணாடிகளை அவன் இரவல் வாங்க வேண்டும். பெற்றோரின் ஒப்புதல் கடிதங்களை நேற்று அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதினொன்று திரும்பி வந்திருக்கின்றன.