மண்ணுண்டையும் ஈயக்குண்டும்: வேட்டைத் துப்பாக்கியும் ஃபிக்ஹு வரலாறும்

அரபுக் கல்லூரிகளில் ஃபிக்ஹுப் பாடம் நடத்துவோர் 'கிதாபுஸ் ஸைத்' எனும் வேட்டை அத்தியாயத்துக்கு வரும்போது சற்று விரைந்து கடப்பது வழக்கம். வேட்டையைக் கண்டறியாத மாணவர்க்கு, வேட்டையாடி அறியாத ஆசிரியர் நடத்தும் பாடம் அது. நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே கடந்து வந்தோம். தென்னாப்பிரிக்காவில் இமாமாகப் பணியாற்றும் நம் பழைய மாணவர் ஒருவரின் மடல் அந்த விரைவுக்குத் தடை போட்டது.

அவருடைய ஜமாஅத்தார் சிலர் குளிர்கால மாதங்களில் உரிமம் பெற்றுப் பண்ணை நிலங்களில் குடூ, இம்பாலா, ஸ்பிரிங்பக் முதலிய மானினங்களை வேட்டையாடுகின்றனர். இறைச்சியை உப்புக்கண்டமிட்டு உறவினர் இல்லங்களுக்கு அனுப்புகின்றனர். பிஸ்மி சொல்லியே சுடுகின்றனர். எனினும், கத்தி வைக்கும் முன்னரே உயிர் பிரிந்த மானை உண்ணலாமா என்பதில் உடன்பிறந்த சகோதரர் இருவர் பிணங்கி நிற்கின்றனர். அண்ணன் வீட்டு இறைச்சியைத் தம்பி வீட்டார் தொடுவதில்லை. நாளடைவில் விருந்தும் நின்றுபோயிற்று. "ஹழ்ரத், தாங்கள் ஓதிக்கொடுத்த கிதாபில் புந்துக்காவால் கொல்லப்பட்டது கூடாது என்றுதானே இருக்கிறது? நான் எப்படித் தீர்த்து வைப்பது?" என்று அம்மாணவர் கேட்டிருந்தார்.

அவர் கேள்வியின் முடிச்சு 'புந்துக்கா' என்னும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அதனை அவிழ்க்க வேண்டுமாயின் சட்ட நூல்களின் வரலாற்றோடு துப்பாக்கியின் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

சொல் மாறிய கதை

அரபியில் 'புந்துக்' என்பது முதலில் ஒரு கொட்டையின் பெயர். அக்கொட்டையைப் போல் உருட்டிக் காயவைத்த களிமண் உருண்டைக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. அதனை வில்லில் வைத்துப் பறவைகளை அடிப்பர். நம் தமிழில் 'உண்டைவில்' என்று வழங்கிய கருவி இதுவே. மம்லூக் சுல்தான் பைபர்ஸின் பெயரோடு ஒட்டி நிற்கும் 'புந்துக்தாரி' என்னும் அடைமொழியும் இந்த உண்டைவில்லோடு தொடர்புடையதே.

பின்னர் வெடிமருந்து வந்தது. இரும்புக் குழாயிலிருந்து பாய்ந்த ஈய உருண்டைக்கும் மக்கள் பழைய பெயரையே இட்டு 'புந்துக்குர் ரஸாஸ்' என்றனர். அதனைச் செலுத்தும் கருவி 'புந்துக்கிய்யா' ஆயிற்று. உருதுவில் 'பந்தூக்' ஆயிற்று. தமிழர்க்கோ துருக்கிச் சொல்லான 'துஃபெக்' திரிந்து 'துப்பாக்கி' என வந்து சேர்ந்தது. ஆதலால் தமிழ் மட்டும் அறிந்தவர்க்கு இவ்விரண்டும் வேறு வேறு என்பது தானே விளங்கும். அரபியும் உருதுவும் ஓதிய நமக்குத்தான் மண்ணுண்டையைப் பற்றிய சொல்லைத் துப்பாக்கியின் மேல் ஏற்றிவிடும் அபாயம் உண்டு.

மூல ஆதாரங்கள்

திருக்குர்ஆனின் 'அல்மாயிதா' அத்தியாயம் மூன்றாம் வசனத்தில், அடிபட்டுச் செத்த பிராணியை விலக்கப்பட்டவற்றுள் ஒன்றாக எண்ணுகிறது. நான்காம் வசனம் பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை அனுமதிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே கருவியால் கொல்லப்பட்ட வேட்டையின் எல்லையை அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் வரைந்து காட்டுகிறது. 'மிஅராள்' எனும் எறிகோல் தன் கூர்முனையால் தைத்திருந்தால் உண்ணலாம், அகலப் பகுதியால் அடித்துக் கொன்றிருந்தால் உண்ணலாகாது என்பது அதன் கருத்து. இது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. விரல்களால் சுண்டியெறியும் சிறு கல் வேட்டையைக் கொல்லாது, பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்த செய்தியும் அவ்விரு நூல்களில் உண்டு. மண்ணுண்டையால் கொல்லப்பட்டது அடிபட்டுச் செத்ததே என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் கூறியதை இமாம் புகாரி (ரஹ்) எடுத்துரைக்கிறார்.

இவற்றிலிருந்து ஹனஃபி மத்ஹபின் 'ஹிதாயா' ஆசிரியர் இமாம் மர்ஃகீனானி (மறைவு ஹி. 593 / 1197) ஓர் அடிப்படையை வகுத்தார். மரணம் காயத்தால் நேர்ந்தது உறுதியானால் ஹலால். பளுவால் நேர்ந்தது உறுதியானால் ஹராம். ஐயம் நிலவினால் பேணுதல் கருதி ஹராம். இம்மூன்றாம் பிரிவை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். பின்னர் எழுந்த விவாதம் முழுவதும் இந்த ஐயத்தின் மேல்தான் நிற்கிறது.

உலமாக்கள் கண்ட புதுக்கருவி

மாலிகி அறிஞர் தசூகி (மறைவு ஹி. 1230 / 1815), வெடிமருந்து ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் நடுவில்தான் தோன்றியதால் ஈயக்குண்டு பற்றி முன்னோரின் தெளிவான சொல் எதுவும் இல்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். யமன் நாட்டின் இமாம் ஷவ்கானி (மறைவு ஹி. 1250 / 1834), தம் நாட்டுக்குத் துப்பாக்கி பத்தாம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது என்று தம் தஃப்ஸீரிலேயே குறித்தார். தம் முன் உள்ள பொருள் புதியது என்பதை அறிந்து பேசிய நேர்மை இது.

தீர்ப்பில் அவர்கள் பிரிந்தனர். மொராக்கோவின் அப்துல் காதிர் அல்ஃபாஸி (மறைவு ஹி. 1091 / 1680) ஈயக்குண்டு வேட்டையை ஆகுமாக்கினார். எகிப்தின் இமாம் தர்தீர் (மறைவு ஹி. 1201 / 1786) அதனையே ஏற்றார். ஷவ்கானி அவர்களும், குண்டு உடலைத் துளைத்துப் பல வேளைகளில் மறுபுறம் வெளியேறுவதைக் காட்டி ஹலால் என்றே முடித்தார். மண்ணுண்டை வேறு, இது வேறு என்று பிரித்தும் காட்டினார்.

மறுபுறம் ஹனஃபி அறிஞர் இப்னு நுஜைம் (மறைவு ஹி. 970 / 1563) கூடாது எனத் தீர்ப்பளித்தார். திமிஷ்கின் இப்னு ஆபிதீன் (மறைவு ஹி. 1252 / 1836) அதற்குக் காரணம் கூறினார்: ஈயக்குண்டுக்குக் கூர்மை இல்லை, அது தன் சூட்டாலும், வேகத்தோடு கூடிய பளுவாலும் காயப்படுத்துகிறது. ஷாஃபிஈ மத்ஹபின் 'துஹ்ஃபா' ஆசிரியர் இப்னு ஹஜர் அல்ஹைதமி (மறைவு ஹி. 974 / 1567) அவர்களும் நெருப்பால் செலுத்தப்படும் குண்டு எரித்து விரைந்து கொல்வது என்று தடுத்தார், தேர்ந்த கைகாரர் பெரிய பறவையின் சிறகில் அடித்து வீழ்த்தி, உயிரோடு பிடிக்க முடியுமாயின் இடமுண்டு என்ற கருத்தையும் சேர்த்தார். நம் தமிழகத்தில் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுதி. எனவே நம் மதரஸாக்களில் இரு சாராரும் தடையையே ஓதி வந்ததில் வியப்பில்லை.

ஆயினும் ஹனஃபிகளுள்ளேயே மறுகுரல் எழுந்தது. தூனிஸ் நாட்டு ஹனஃபி அறிஞர் ஐந்தாம் முஹம்மது பைரம் (மறைவு 1889) ஈயக்குண்டு வேட்டை ஆகும் என்பதை நிறுவவே 'துஹ்ஃபத்துல் கவாஸ்' என்னும் தனிநூல் இயற்றினார்.

கருவி மாறிய கதை

இப்னு ஆபிதீன் அவர்கள் கண்டது எத்தகைய துப்பாக்கி? உட்புறம் வழவழப்பான குழாய். அதன் வாய்வழியே இடிக்கப்படும் வெடிமருந்து. ஏறத்தாழ 30 கிராம் எடையுள்ள உருண்டை ஈயம். விநாடிக்கு 300 முதல் 450 மீட்டர் வேகம். அந்தக் குண்டு பாய்வதும் உண்டு, எலும்பை நொறுக்கித் தங்குவதும் உண்டு. காயமா, பளுவா என்ற ஐயம் அன்று நியாயமானதே.

அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. குழாயின் உட்புறம் திருகுவரி வெட்டிய ரைஃபிள் பரவியது. நீண்ட குண்டு சுழன்று நேர்கோட்டில் பாய்ந்தது. 1884இல் ஃபிரான்சில் வியேல் என்பவர் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கினார். குண்டு சிறுத்தது, செம்பு உறை பூண்டது, அதன் வேகம் கூடியது. 1890களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மவுசர் நிறுவனம் 7×57 மில்லிமீட்டர் தோட்டாவை வெளியிட்டது. 1899 முதல் 1902 வரை நடந்த போரில் போயர்கள் ஏந்தியது இத்தோட்டாவுக்குரிய ரைஃபிளையே. தென்னாப்பிரிக்க மான் வேட்டையில் அது இன்றளவும் விரும்பப்படுகிறது. அமெரிக்காவில் 1895இல் வந்த .30-30 வின்செஸ்டர், 1906இல் வந்த .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு, 1925இல் வந்த .270 வின்செஸ்டர் ஆகியவை மான் வேட்டைக்காரரின் விருப்பத் தோட்டாக்களாயின. காட்டெருமை போன்ற பெருவிலங்குகளுக்கு 1912இல் ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனம் .375 மேக்னம் தோட்டாவைத் தந்தது. .30-06இல் செல்லும் 11 அல்லது 12 கிராம் குண்டின் வேகம் விநாடிக்கு 800 மீட்டருக்கு மேல். அஃதாவது ஒலியின் வேகத்தைப் போல் இருமடங்குக்கும் அதிகம். பழைய உருண்டையின் எடையில் பாதிகூட இல்லாத இது பளுவால் கொல்கிறது என்று கூற இயலாது. சுட்டெரித்தும் கொல்வதில்லை, தசையைக் கிழித்துக் குருதியை ஓடவிட்டே கொல்கிறது.

கூர்முனையா, ஊடுருவலா?

தற்கால ஹனஃபி அறிஞர் சிலர் இம்மாற்றத்தை உணர்ந்து, கூர்முனைத் தோட்டாவாயின் ஆகும், உருண்டையாயின் ஆகாது என்று பிரித்துரைக்கின்றனர். இது வரவேற்கத்தக்க நகர்வே. ஆனால் வேட்டைத் தோட்டாக்களைச் சற்று உற்று நோக்கினால் இந்த அளவுகோலும் போதாது என்பது புலப்படும்.

.30-30 தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பெயர்பெற்ற வின்செஸ்டர் 1894 வகை ரைஃபிளில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒன்றன் முனை மற்றொன்றன் அடிப்புறத்து வெடிமூட்டியில் முட்டும். முனை கூராயிருந்தால் அதிர்ச்சியில் வெடித்துவிடக்கூடும் என்பதாலேயே அதன் குண்டுக்குத் தட்டை முனை அல்லது மழுங்கிய முனை வைத்தனர். கூர்முனையே நிபந்தனை எனில், பல தலைமுறைகளாக மான் வேட்டைக்குப் பயன்பட்ட இத்தோட்டா விலக்கப்பட வேண்டும். ஆனால் உடலைத் துளைத்துச் செல்வதில் அது கூர்முனைத் தோட்டாவுக்குச் சளைத்ததன்று.

இன்னொன்றும் உண்டு. மானுக்குப் பயன்படும் தோட்டாக்கள் பெரும்பாலும் மென்முனை உடையவை. உடலுள் நுழைந்ததும் காளானைப் போல் விரியும். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் செய்யப்பட்ட இவ்வகைக் குண்டைத்தான் 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் போரில் பயன்படுத்தலாகாது என அறிவித்தன. விலங்கு வேட்டையிலோ அது விரைந்த மரணம் தருவது என்று விரும்பப்படுகிறது. நுழைவது முனையால், விரிவது அகலத்தால். மிஅராளின் எப்பக்கத்தோடு இதனை ஒப்பிடுவது?

நாம் அறிந்தவரை விடை ஷவ்கானி அவர்களின் சொல்லில் இருக்கிறது. அவர் முனையின் வடிவத்தைக் கேட்கவில்லை. துளைத்ததா என்று கேட்டார். மிஅராளின் அகலம் தோலுக்கு வெளியே நின்று அடிக்கிறது. ரைஃபிள் குண்டோ உட்புகுந்த பின்னரே விரிகிறது. மரணம் காயத்தால் நேர்ந்தது என்பது உறுதியாகிறது. 'ஹிதாயா' ஆசிரியரின் மூன்றாம் பிரிவான ஐயம் விலகி, முதற் பிரிவு நிலைபெறுகிறது. முன்னோரின் அடிப்படையை நாம் மீறவில்லை. அதனைப் புதிய பொருளின் மேல் வைத்துப் பார்க்கிறோம்.

ரவைகள் சிதறும் 12 போர்த் துப்பாக்கியின் நிலை வேறு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்றின் விட்டமே அக்குழாயின் அளவு என்பதால் அப்பெயர் பெற்றது. பெயரிலேயே பழைய உருண்டை வாழ்கிறது. சிறு ரவைகளில் ஐயம் இன்னும் எஞ்சுகிறது. அங்கே உயிரோடு எடுத்து அறுப்பதே பேணுதல்.

துல்லியமும் இரக்கமும்

மாணவருக்கு எழுதிய மறுமொழியில் இவற்றைச் சொல்லி, நாம் ஃபத்வா வழங்கும் இடத்தில் இல்லை என்பதையும் குறிப்பிட்டோம். உண்ணும் அண்ணன் ஆதாரமின்றி உண்ணவில்லை. தவிர்க்கும் தம்பி தம் மத்ஹபின் பேணுதலைப் பற்றி நிற்கிறார். இதற்காக விருந்தை முறிப்பதற்கு எந்த இமாமும் சொல்லவில்லை. உயிரிருக்கக் கண்டால் தாமதியாது அறுத்துவிட்டால் இருவர்க்கும் ஐயமில்லை. தம்பி வீட்டுக்கு அந்த இறைச்சியை அனுப்பலாம் என்றும் எழுதினோம்.

கூடவே ஒன்றை வலியுறுத்தினோம். அறுக்கும்போதும் அழகிய முறையைப் பேணவும், கத்தியைத் தீட்டவும், பிராணிக்கு வேதனையைக் குறைக்கவும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டுள்ளார்கள். வேட்டைக்காரருக்குக் கத்தி தீட்டுதல் என்பது தக்க தோட்டாவைத் தேர்தலும் குறி தவறாமையுமே. பெல் என்னும் ஸ்காட்லாந்து வேட்டைக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க யானைகளை, பெரும்பாலும் அந்தச் சிறிய 7 மில்லிமீட்டர் தோட்டாவாலேயே வீழ்த்தினார். எண்ணிக்கை நெஞ்சை நோகச் செய்வது. எனினும் தோட்டாவின் பருமனைவிட அது படும் இடமே உயிரை விரைந்து பிரிக்கிறது என்பதற்கு அது சான்று. மான் காயத்தோடு ஓடி மறைந்தால் தேடிச் செல்லாமல் விடுவதும், உயிருள்ளதை வெறும் இலக்காக்கி விளையாடுவதும் மார்க்கம் பொறாதவை.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைக் குற்றமாக்கியுள்ளது. ஆதலால் இங்கே இந்த ஆய்வைக் காட்டித் துப்பாக்கி தூக்க எவர்க்கும் இடமில்லை. 'அல்மாயிதா'வின் 94ஆம் வசனம், கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தொலைவில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டுவந்து அல்லாஹ் இஹ்ராம் அணிந்தோரைச் சோதித்ததைச் சொல்கிறது. அன்று ஈட்டி எட்டிய தொலைவு சில முழங்கள்; இன்று ரைஃபிள் முந்நூறு மீட்டருக்கு அப்பாலும் எட்டுகிறது. எட்டும் தொலைவு நீண்ட அளவுக்குச் சோதனையும் நீண்டிருக்கிறது என்றே நாம் கருதுகிறோம். அல்லாஹ் மிக அறிந்தவன்.