'கோப்பு' என்னும் சொல்லின் எல்லை

'கோ' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது 'கோப்பு'. தனித்தனித் தாள்களைக் கயிற்றில் கோத்துவைத்த வழக்கத்தை அச்சொல் நினைவூட்டுகிறது. ஆங்கில 'ஃபைல்' என்பதும் நூலிழையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. அவ்விழையில் எவையெல்லாம் அடங்கும் என்னும் சொற்பொருள் வினா, 2006இல் குடிமக்களின் உரிமையைத் தீர்மானிக்கும் வழக்காயிற்று.

அரசுக் கோப்பு இரு பகுதிகளால் ஆனது: கடிதப் போக்குவரத்து ஒன்று, குறிப்புத்தாள் மற்றொன்று. எழுத்தர் முதல் செயலர் வரை தத்தம் கருத்தையும் பரிந்துரையையும் எழுதிக் கையொப்பமிடும் இடம் குறிப்புத்தாளே. அரசாணை முடிவைச் சொல்லும். அம்முடிவு எட்டப்பட்ட வழியைக் குறிப்புத்தாள் சொல்லும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 'பதிவேடு' என்பதற்கான அதன் வரையறையில் 'கோப்பு' உண்டு. 'குறிப்பு' என்று தனியே ஏதும் இல்லை. எனவே குறிப்புகள் தகவலில் அடங்கா என நடுவண் அரசின் பணியாளர் துறை கூறிவந்தது. மத்திய தகவல் ஆணையம், 2006 சனவரி 31 அன்று ஒரு மேல்முறையீட்டில் இதை மறுத்தது. குறிப்புத்தாள் இன்றிக் கோப்பு முழுமை பெறாது. விலக்குவதே நோக்கமாயின் சட்டம் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் என்பது ஆணையத்தின் வாதம்.

அரசு உடனே இணங்கவில்லை. குறிப்புகளை விலக்கும் திருத்தத்திற்கு 2006 சூலையில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் அம்முயற்சி கைவிடப்பட்டது. சட்டம் விலக்களித்த செய்திகள் நீங்கலாகக் குறிப்புகளை வெளியிடலாம் என அத்துறையே தெளிவுபடுத்தியது 2009 சூன் 23 அன்றுதான்.

குப்பத்திலிருந்து ஆய்வு செய்வோர்க்கு இத்தீர்ப்பு தொலைவிலுள்ள செய்தியன்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இவ்வூர், 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்திற்கு மாறியபோதும் குப்பம் ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக்கோடு எங்கே என்பதைச் சட்டநூலில் காணலாம். அதனை வரைந்தோர் எந்த மொழிக்கணக்கை ஏற்றனர், எதைத் தள்ளினர் என்பதைக் குறிப்புத்தாள்களில்தான் தேட வேண்டும்.

இருபது ஆண்டு கடந்த நிகழ்வுகளுக்குச் சட்டத்தின் பெரும்பாலான விலக்குகள் பொருந்தா என்கிறது 8(3)ஆம் பிரிவு. ஆகவே, விண்ணப்பிக்கும் மாணவர்கள் 'ஆணையின் நகல்' என்று எழுதி நிறுத்திவிட வேண்டா. அவ்வாறு கேட்போர்க்கு ஆணை மட்டுமே கிட்டும். 'குறிப்புத்தாள் உள்ளிட்ட முழுக்கோப்பு' என்றே கேளுங்கள்.